அஞ்சு முப்பத்தெட்டு

மூன்றாவது பல்லும் எண்ணெயோடு சேர்ந்து தட்டில் விழுந்தபோது ஸ்டீவன் தலையில் கை வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். மதன் அண்ணன் மட்டும் இன்னும் நம்பவில்லை. ஜீப்புக்கு அடியில் படுத்தபடி கூஜாவுக்குள் விரலை விட்டுத் துழாவிக்கொண்டே இருந்தான்.

கூஜா என்றால், பின் அச்சின் நடுவில் குண்டாகத் தொங்குமே, அது. உள்ளே கிரவுன் என்று பெரிய பல்சக்கரம் ஒன்றும், அதைச் சுற்றிவிடப் பினியன் என்று சின்னப் பல்சக்கரம் ஒன்றும் இருக்கும். எஞ்சினின் இழுவை இந்த இரண்டின் வழியாகத்தான் பின் சக்கரங்களுக்குப் போகும். அந்தக் கிரவுனின் பற்கள்தான் தட்டில் கிடந்தன.

“வெல்டு வச்சிரலாமா மாப்ள?” என்றான் ஸ்டீவன்.

“பல்லு கட்டுறதுக்கு இது என்ன உங்க தாத்தா வாயாலே?”

“அப்ப என்னதான்லே பண்றது?”

“அண்ணே, அது அப்பாவோட அச்சு,” என்றேன்.

“தெரியும். அதையே சொல்லிக்கிட்டு இருக்காத.”

“நாளைக்குக் காலைல அப்பா ட்ரிப் எடுப்பாக.”

“ஏய் சுபா, வாய மூடுறியா?”

மூடிக்கொண்டேன். இந்த வாரம் முழுக்க நான் செய்த வேலையே அதுதான். கணக்கு வேண்டும்போது ‘சுபா, இங்கன வாத்தா’. கணக்கு முடிந்துவிட்டால் ‘வாய மூடு’.

நடந்ததை யாரிடமாவது சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. சொன்னாலும் வரப்போவதில்லை.

எங்கள் அப்பா சுருளிராஜன் கம்பத்தில் ட்ரிப் ஜீப் ஓட்டுகிறார். விடிவதற்கு முன்னால் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு மலைப்பாதையில் ஏறி, கேரளா பக்கத்து ஏலத்தோட்டத்தில் இறக்கிவிடுவார். சாயங்காலம் அவர்களை ஏற்றிக்கொண்டு இறங்குவார். அம்மாவும் அதே வண்டியில்தான் ஏலக்காய் எடுக்கப் போகிறாள். முன் சீட்டில், அப்பாவுக்குப் பக்கத்தில் அம்மாவோடு வேலை பார்க்கும் கஸ்தூரியம்மாள், அடுத்து அம்மா. ஞாயிறு மட்டும் வேலை இல்லை.

மதன் அண்ணனுக்குப் பழனிசெட்டிபட்டியில் ஒரு லேத்தில் வேலை. அதற்கு எதிர்த்தாற்போல உதிரிபாகக் கடை வைத்திருப்பது ஸ்டீவன் வீடு. இரண்டு பேரும் ஒரு பழைய ஜீப்பை வாங்கி, கூரையை வெட்டி எறிந்து, அதில் ஒரு காரின் பெட்ரோல் எஞ்சினை இறக்கி ரேஸ் வண்டியாக்கி வைத்திருக்கிறார்கள். மெட்டுக்கு மேலே ஒரு தோட்டக்காரர் தன்னுடைய சொந்த ரோட்டில் மலையேற்றப் பந்தயம் நடத்துகிறார். அடுத்த ஞாயிறு பந்தயம். இன்றைக்கு ஒத்திகை.

வண்டியில் எல்லாம் முடிந்துவிட்டது. பின் அச்சின் பல் கணக்கு மட்டும் முடிவாகவில்லை.

ரேஸ் ஜீப்பில் இருந்தது நாலு இருபத்தேழு. எஞ்சின் பக்கமிருந்து வரும் தண்டு நாலே கால் சுற்றுக்குக் கொஞ்சம் கூடச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும், அதுதான் அர்த்தம். இந்த எண் கூடினால் இழுவை கூடும், வேகம் குறையும். எண் குறைந்தால் வேகம் கூடும், இழுவை குறையும். இவ்வளவுதான் விஷயம். இந்த இவ்வளவுக்கு ஒரு வாரம் சண்டை.

“இருக்கிறதே இருக்கட்டும் மாப்ள. மேல ஒரு நேர் ரோடு வருதுல்ல, அங்கன விட்டம்னா பறந்துரும்,” என்பான் ஸ்டீவன்.

“கொண்டை ஊசில இருந்து எந்திரிக்கவே மாட்டேங்குது. அப்பறம் எங்கனலே பறக்க?” என்பான் அண்ணன்.

இந்த இரண்டு வசனங்களும் அப்படியே திரும்பத் திரும்ப வரும். இடையில் ஜீப் ஸ்டாண்டு டீக்கடையிலும் போய்க் கேட்டார்கள். அங்கே இருந்த டிரைவர் ஒருவர், “எத்தன ஆளு ஏத்துவீக?” என்று கேட்டார்.

“ஆளு ஏத்த மாட்டோம்ணே. இது ரேஸு.”

“ஆளே ஏத்தலேன்னா என்னத்துக்குய்யா மல ஏறணும்?”

அதோடு அந்த ஆலோசனை முடிந்தது.

கடைசியில் கணக்கு என்னிடம் வந்தது. பிளஸ் டூவில் கணக்குப் படிக்கிறேன் என்பதால் அல்ல. சண்டை போட்டு இரண்டு பேருக்கும் அலுத்துவிட்டது. டயரின் சுற்றளவை நூல் வைத்து அளந்தேன். ஒவ்வொரு வளைவிலிருந்தும் எந்த வேகத்தில் வெளியே வருகிறார்கள், அப்போது எந்த கியர், எல்லாம் கேட்டுக் கேட்டுப் போட்டுப் பார்த்தேன். நாலு இருபத்தேழில் வளைவு முடிந்து வெளியே வரும்போது, செகண்டு கியரில் எஞ்சின் திணறுகிறது. ஃபர்ஸ்டில் போட்டால் அலறுகிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தை நிரப்புகிற எண் அஞ்சு முப்பத்தெட்டு.

“தங்கச்சி, படிக்கிற புள்ள சொல்றது சரிதான். ஆனா அந்த நேர் ரோட்டுல என்ன பண்ணுவ?” என்றான் ஸ்டீவன்.

“உங்க நேர் ரோட்டுல மூணாவது கியர் போட்டு முடிக்கங்குள்ள அடுத்த வளைவு வந்துரும்ணே. பறக்குறதுக்கு அங்கன எடம் எங்க இருக்கு?”

அவன் முகம் தொங்கிப்போனது. அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பெருமையை இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

ஏனென்றால், அந்தப் பல் செட்டு எங்கேயும் கிடைக்கவில்லை. ஸ்டீவன் மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் போன் போட்டான். எல்லாரும் பத்து நாள் ஆகும் என்றார்கள். அப்போதுதான் அண்ணன் மெதுவாகக் கேட்டான்.

“அப்பா வண்டில என்ன பல்லு கெடக்கு சுபா?”

கேட்டவுடனே எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும் நான்தான் பார்த்துச் சொன்னேன். ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, மற்றதைத் தரையிலேயே விட்டு, தூக்கிய சக்கரத்தை இரண்டு சுற்றுச் சுற்றினால் போதும். ஒரு சக்கரம் மட்டும் சுற்றும்போது அதன் இரண்டு சுற்று ஒரு சுற்றுக்குச் சமம், அதற்குள் தண்டு எத்தனை சுற்றுகிறதோ அதுதான் எண். சுண்ணாம்புக்கட்டியால் தண்டில் கோடு போட்டு எண்ணினேன். ஐந்து தாண்டி, ஐந்தரைக்குக் கொஞ்சம் முன்னால் நின்றது.

இங்கே ட்ரிப் ஓடுகிற வண்டிகள் மலைக்காகவே பார்த்து வாங்கியவை. அப்பாவின் வண்டி வேறெப்படி இருக்கும்?

நேற்று, சனிக்கிழமை, ட்ரிப்புக்கு லீவு விட்டுவிட்டு அப்பாவும் அம்மாவும் ஒரு காதுகுத்துக்காக உத்தமபாளையத்துக்குப் பஸ்ஸில் போயிருந்தார்கள். கூஜாவைப் பிரித்துப் பல்லை மாற்ற நேரமில்லை என்று அச்சையே மொத்தமாக மாற்றினார்கள். இரண்டும் ஒரே வகை ஜீப். அச்சைப் பிடித்திருக்கும் யூ போல்ட்டுகளைக் கழற்றி, பிரேக் பைப்பை விடுவித்து, தண்டைப் பிரித்தால் அச்சு தனியாக உருண்டு வந்துவிடுகிறது. அப்பாவின் அச்சு ரேஸ் வண்டிக்கு. ரேஸ் வண்டியின் அச்சு அப்பாவுக்கு.

“ஒரே ஒரு நாளு. ஞாயித்துக்கெழம சாயங்காலம் திருப்பி மாட்டிருவோம்,” என்றான் அண்ணன்.

அப்பாவிடம் கேட்க முடியாது. போன வருஷம் ரேஸ் ஜீப்புக்காக ட்ரிப் வண்டியின் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு போனதற்கே, “இனி என் வண்டில கை வச்சேன்னா இந்தத் தெருப் பக்கமே வந்துராத,” என்று சட்டை துணியெல்லாம் வாசலில் எறிந்தார். அம்மா காலில் விழாத குறையாகக் கெஞ்சித்தான் அவன் உள்ளே வந்தான்.

மாற்றி முடித்த பிறகு ஒரு பிரச்சினை. ரேஸ் வண்டியின் அச்சுக்கு வெள்ளிப் பெயின்ட் அடித்திருந்தார்கள். அப்பாவின் வண்டிக்கு அடியில் அது புது எவர்சில்வர் பாத்திரம் மாதிரி பளபளத்தது. அதற்கு வழி சொன்னதும் நான்தான். பழைய எண்ணெயைத் தடவி, அதன் மேல் செம்மண்ணைத் தூவி, துணியால் ஒற்றி, மறுபடி தூவினேன்.

“ஆத்தாடி! பெத்த தாய்க்கே அடையாளம் தெரியாது போ,” என்றான் ஸ்டீவன்.

இன்று காலை அம்மாவிடம் ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிவிட்டு அவர்களோடு மேலே போனேன். முதல் ஓட்டத்திலேயே தெரிந்துவிட்டது. வளைவை விட்டு வண்டி துள்ளிக்கொண்டு வந்தது. வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்ற தோட்டத்து ஆட்கள்கூட விசிலடித்தார்கள். “கணக்கு டீச்சரே, கும்பிடுறேன்,” என்று ஸ்டீவன் நிஜமாகவே கையெடுத்துக் கும்பிட்டான்.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.

“ஸ்டார்ட்ல இன்னும் கொஞ்சம் புடுங்கலாம்,” என்றான் அண்ணன்.

“கிளட்ச மெதுவா விடுண்ணே. சொம ஏத்திக்கிட்டு நிதானமா போன அச்சு அது. ஒரேயடியா ஒதறுனா தாங்காது.”

“நீ டைம மட்டும் பாரு.”

எஞ்சினை அலற விட்டு, கிளட்சிலிருந்து காலைப் பட்டென்று எடுத்தான். ‘டக்’. அவ்வளவு பெரிய சத்தம்கூட இல்லை. வண்டி அங்கேயே நின்றுவிட்டது. கயிறு கட்டி மெட்டு இறக்கி, சுருளிப்பட்டி ரோட்டில் இருக்கும் ஷெட்டுக்கு இழுத்து வந்து மூடியைத் திறந்தால், தட்டில் பல்.

“இப்ப என்ன, நாளைக்கு ஒரு நாளு அப்பா அந்த அச்சோட ஓட்டட்டும்,” என்றான் அண்ணன். “ஸ்டீவன் எங்கயாச்சும் பழைய அச்சாவது புடிச்சிட்டு வந்துருவான். யாருக்கும் தெரியாது.”

“எறக்கத்துல என்னண்ணே பண்ணுவாக? எறக்கத்துல வண்டியப் புடிச்சு நிறுத்துறதும் அந்தப் பல்லுதான. இப்ப இருக்கிறது அந்த அளவுக்குப் புடிக்காது.”

“பிரேக்கு இருக்குல்ல? புதுசு. ரேஸுக்குப் போட்டது, அச்சோடயே வந்துருச்சு. அப்பாவுக்கு நல்லதுதான்.”

“மேல இருந்து கீழ வரைக்கும் பிரேக்கையே மிதிச்சுக்கிட்டு வந்தா சூடாகிப் புடிக்காமப் போயிரும்ணே.”

“முப்பது வருசமா ஓட்டுறாக. அவுகளுக்கு நீ சொல்லிக் குடுக்கப் போறியா?”

ஸ்டீவன் தட்டிலிருந்த பற்களை ஒவ்வொன்றாகத் துடைத்து வரிசையாக வைத்துக்கொண்டிருந்தான், என்னவோ திருப்பி ஒட்டப் போகிறவன் மாதிரி. நான் அதில் ஒன்றை எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா வாசலில் ஜீப்பின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். காலையில் யாருக்கோ திராட்சைப் பெட்டி ஏற்றிக்கொண்டு சுருளிப்பட்டி வரை போய் வந்திருக்கிறார். சமதள ரோடு.

“ஏலே மதனு, வண்டிய என்னலே பண்ணுன?”

அண்ணன் குனிந்து செருப்பைக் கழற்றினான்.

“கூஜாவுக்கு... எண்ணெய் மாத்துனேன்ப்பா.”

“அதான பாத்தேன்! சத்தமே இல்ல. அப்பிடியே வழுக்கிக்கிட்டுப் போகுது.” அப்பா அம்மாவைப் பார்த்துத் திரும்பினார். “பாத்தியா, உன் மகன் கைலயும் தொழில் இருக்கு.”

“இப்பவாச்சும் தெரிஞ்சுச்சே உங்களுக்கு,” என்றாள் அம்மா. முகமெல்லாம் சிரிப்பு. அப்பாவும் அண்ணனும் ஒரு வருஷமாக நேருக்கு நேர் பேசுவதே அபூர்வம்.

சத்தம் ஏன் இல்லை என்று எனக்குத் தெரியும். அதே வேகத்துக்கு இப்போது எஞ்சின் குறைவாகச் சுற்றுகிறது. அவ்வளவுதான்.

“கஸ்தூரியம்மா சொந்தக்காரக ரெண்டு பேரு வேலைக்கு வரேன்னு கேட்டுக்கிட்டே இருக்காக. நாளைக்கு அவுகளையும் ஏத்திக்கிற வேண்டியதுதான். வண்டிதான் இந்த ஓட்டம் ஓடுதே,” என்றார் அப்பா.

“அப்பா, நாளைக்கு எறங்கும்போது ஃபர்ஸ்டு கியர்லயே எறக்குங்கப்பா.”

“ஃபர்ஸ்டுலயா? ராத்திரி சோத்துக்கு வீட்டுக்கு வர வேணாமாத்தா? பின்னால வர்றவன் ஹாரன் அடிச்சே கொன்னுருவான்.” சிரித்தார். “செகண்டுதான். செகண்டுல விட்டா வண்டி ஒரு சத்தம் குடுக்கும், ம்ம்ம்முன்னு. அது ஏறுச்சுன்னா பிரேக்கத் தொடணும். ஏறலேன்னா அது பாட்டுக்கு விட்ரலாம்.”

“மீட்டரப் பாக்க மாட்டீகளா?”

“மீட்டரு செத்து எம்புட்டோ வருசமாச்சு. என் காதுதான்த்தா மீட்டரு.”

அந்த ‘ம்ம்ம்’ எனக்கும் தெரியும். சின்னப் பிள்ளையில் அவர் மடியில் உட்கார்ந்து மெட்டு இறங்கியிருக்கிறேன். மனதுக்குள்ளேயே போட்டுப் பார்த்தேன். அஞ்சு முப்பத்தெட்டை நாலு இருபத்தேழால் வகுத்தால் ஒன்றே காலுக்குச் சற்று மேல். அப்பாவின் காது முப்பது என்று சொல்லும்போது வண்டி முப்பத்தெட்டில் போய்க்கொண்டிருக்கும். சத்தம் ஏறாது. அவர் பிரேக்கைத் தொட மாட்டார்.

அண்ணனைக் கொல்லைப்புறம் இழுத்துக்கொண்டு போய் இதைச் சொன்னேன். அவன் முகம் ஒரு நிமிடம் வெளிறியது. ஆனால், “ஒரு நாளுதான சுபா. இன்னைக்குத்தான் அவரு என்கிட்ட சிரிச்சுப் பேசிருக்காரு,” என்றான். அப்புறம் போனை எடுத்துக்கொண்டான்.

சாப்பிட உட்கார்ந்தபோது நானே சொல்லிவிட்டேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. சொல்லி முடித்துவிட்டு, உடைந்த பல்லைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

“அப்பா, உங்க வண்டில இருக்கிறது உங்க அச்சு இல்ல. ரேஸ் வண்டி அச்சு. உங்க அச்சுப் பல்லு இதுதான். ஒடஞ்சு போச்சு.”

அம்மா குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றாள். அப்பா பல்லை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்தார்.

“என்னலே இது?”

“ரேஸ் வண்டில இருந்து வந்த பல்லுப்பா,” என்றான் அண்ணன். அதுவும் பொய்யில்லை. “இன்னைக்கு ஒடஞ்சுருச்சு. அத பாத்துட்டு இவ பயந்து போய்க் கெடக்கா.”

“ஸ்பெஷல் கிளாஸ்னு சொல்லிட்டு அங்கனயா போன?” என்றாள் அம்மா. வீட்டில் பெரிய குற்றம் அதுதான் ஆகிவிட்டது.

“அம்மா, அத விடும்மா! அப்பா, நெசமாப்பா. சனிக்கெழம நீங்க காதுகுத்துக்குப் போனப்ப மாத்துனோம். நானும் கூடத்தான் இருந்தேன்.”

அப்பா சிரித்தார். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

“ஏத்தா, என் வண்டில ஒரு நட்டு மாறுனா எனக்குத் தெரியாதா? காலைல பூரா ஓட்டிருக்கேன். அச்சே மாறியிருந்தா இந்தக் காது என்னத்துக்கு இருக்கு?”

“வந்து பாருங்கப்பா. அடியில பாருங்க.”

எனக்காகக் கை கழுவிக்கொண்டு எழுந்து வந்தார். போன் வெளிச்சத்தோடு வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார். நான் தடவிய எண்ணெய், நான் தூவிய செம்மண், இன்று ஓடிய ரோட்டுத் தூசி.

“பாத்தியா. நான் பாத்துப் பழகுன அழுக்குதான்த்தா இது.”

“அது நான் பூசுனதுப்பா!”

“நீ பூசுனியா?” அப்பாவுக்கு இன்னும் சிரிப்பு வந்தது. “நாளைக்கு இந்த வண்டியே நான்தான் செஞ்சேன்னு சொல்லுவ போல.”

“ஒரு சக்கரத்தத் தூக்கிச் சுத்திப் பாப்போம்ப்பா. ரெண்டு சுத்துத்தான். தண்டு அஞ்சு தாண்டலேன்னா அது உங்க அச்சு இல்ல.”

அப்போதுதான் அவர் குரல் மாறியது. “போதும் சுபா. நாலு மணிக்கு எந்திரிக்கணும். உங்க அண்ணன் ஒரு நாளு எனக்குன்னு ஒரு வேல செஞ்சிருக்கான், அது பொறுக்கலயா உனக்கு? போய்ப் படு.”

அண்ணனைப் பார்த்தேன். ஒரு வார்த்தை போதும் அவன் சொன்னால். வாசல்படியில் நின்றுகொண்டு செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இப்போது எல்லாரும் படுத்துவிட்டார்கள். டயரில் காற்றைப் பிடுங்கிவிடலாமா என்று நினைத்தேன். ஸ்டெப்னி இருக்கிறது, மாற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். சாவி அவர் தலையணைக்கு அடியில். ஸ்டீவனுக்கு மூன்று முறை போன் போட்டேன். எடுக்கவில்லை. அம்மாவை எழுப்பி, நாளைக்கு மட்டும் போக வேண்டாம் என்று சொன்னேன். “கிளாஸ் பொய் சொன்னதுக்குக் காலைல இருக்கு உனக்கு,” என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள். அம்மாவை மட்டும் நிறுத்தி என்ன? மற்றவர்கள் எல்லாம் யார் வீட்டு அம்மாக்கள்?

ஒரே ஒரு நம்பிக்கைதான் பாக்கி. நாளைக்கு ஏறும்போது, எப்போதும் செகண்டில் ஏறுகிற இடத்தில் வண்டி ஏறாது. திணறும். அந்தத் திணறலைக் கேட்டதும் அப்பாவுக்கு நான் சொன்னது ஞாபகம் வந்தால் போதும். ஓரமாக நிறுத்தி, ஜாக்கி போட்டு, இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிடுவார். ஆனால் கூட ஏற்றிய இரண்டு பேரால்தான் இழுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டால்? ஃபர்ஸ்டைப் போட்டு ஏறிவிடுவார். சாயங்காலம் வழக்கம்போல செகண்டில் விட்டு, அந்த ‘ம்ம்ம்’ சத்தத்துக்காகக் காத்துக்கொண்டே இறங்குவார்.

எந்த வளைவில் எந்த கியரில் எவ்வளவு வேகம் என்று கேட்டால் இந்த நிமிடமே போட்டுச் சொல்லிவிடுவேன். உடைந்த பல்லைக் கையில் வைத்துக்கொண்டு வேறு ஒன்றைத்தான் போட்டுப் போட்டுப் பார்க்கிறேன், விடை வரவில்லை. அப்பாவின் காது அதை ஏறும்போது கண்டுபிடிக்குமா, இறங்கும்போதா?